கிருபையும் குறுக்குச் சுவரும்

புதுச்சேரி நகரின் மிஷன் வீதியில் அமைந்துள்ள அமலோற்பவ அன்னைப் பேராலயத்தை மக்கள் இன்றும் 'சம்பா கோவில்' என்றே அழைக்கின்றனர். தூய பவுலின் பெயருக்குரிய போர்த்துக்கீசிய வடிவமே இவ்வாறு மருவி நின்றது என்பர். இன்று நாம் காணும் கட்டிடம் 1791-ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. அதற்கு முன் அங்கிருந்த இயேசு சபையாரின் ஆலயம், 1761-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கியபோது அழிந்தது. அழிந்துபோன அந்த ஆலயத்தைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. கிருபையைக் குறித்தும் ஆரோக்கியமான உபதேசத்தைக் குறித்தும் போதிக்கும் பொறுப்பை ஏற்றுள்ள நம் அனைவருக்கும் அது உரியது என்று கருதுவதால், இக்கட்டுரையை அதிலிருந்தே தொடங்குகிறோம்.

அச்செய்தியை நமக்குத் தருபவர் கிறிஸ்தவர் அல்லர். பிரெஞ்சு வாணிகக் குழுவில் பணியாற்றி, ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாகப் பின்னாளில் உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) 1736 முதல் தம் இறுதிக்காலம் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் குறிப்பில் அவர் தெரிவிப்பது இது: அவ்வாலயத்தின் உட்புறத்தில், வடபாகத்தில், ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. அதன் ஒருபுறம் தாழ்த்தப்பட்ட மக்கள் நின்று வழிபட்டனர். மறுபுறம் சாதிக் கிறிஸ்தவரும் ஐரோப்பியரும் வழிபட்டனர். சேரிகளிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் ஒன்று திரண்டு மூத்த குருவானவரிடம் சென்றனர். தாங்களும் கிறிஸ்தவர்களேயானால் எல்லாரையும் ஒரே விதமாக நடத்தவேண்டாமா என்றும், ஆண்டவர் வழிபடுவோருக்குள் வேறுபாடு எதையும் விதித்ததில்லையே என்றும், சாதியார் தங்களை விலக்கினால் குருமாரும் அதற்கு இசைவதேன் என்றும் வினவினர். குருவானவர் அவர்கள் கூற்றின் நியாயத்தை ஒப்புக்கொண்டு சுவரை இடிக்கப் பணித்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் சினமுற்றனர், பூசல் எழுந்தது.

கல்லூரியில் பயின்றிராத எளிய மக்கள் கேட்ட அக்கேள்வியை நாம் சமூக நீதிக்கான விண்ணப்பமாக மட்டும் வாசித்தல் போதாது. அது இறையியல் கேள்வி. இரட்சிப்பு கிருபையினால் உண்டாவது மெய்யானால், இரட்சிக்கப்பட்டோர் நடுவே சுவர் எவ்வாறு நிற்கக்கூடும் என்பதே அதன் உட்பொருள். இக்கட்டுரையில் நாம் நிலைநாட்ட விரும்புவதும் இது ஒன்றே: சபைக்குள் எழும் சாதிச் சுவர் கிருபையின் உபதேசத்திற்குப் புறம்பான ஓர் ஒழுக்கக் குறை அன்று, அவ்வுபதேசத்தையே மறுக்கும் போலி உபதேசம்.

1. நம் வீட்டுக் கணக்கு

புதுச்சேரிச் சுவரைக் காட்டி உரோமச் சபையாரைக் குறைகூறுவது நமக்கு எளிது. ஆயின் அது நேர்மையாகாது. அவர்களுள்ளும் இக்கேள்வி முன்பே எழுந்திருந்தது. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704-ஆம் ஆண்டு ஜூன் மாதம் புதுச்சேரியிலேயே பிறப்பித்த ஆணையில், நோயுற்ற தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரின் இல்லத்திற்கே சென்று திருவருட்சாதனம் வழங்கவேண்டும் என்று குருமாரைக் கட்டளையிட்டார். நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பின், 1744 செப்டம்பரில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை, தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருமாரை ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு இசைவளித்தது. நோயாளியைச் சந்திக்கவேண்டும் என்ற கட்டளை காக்கப்பட்டது. அதை நிறைவேற்றும் வழியிலேயே பிரிவினையும் காக்கப்பட்டது. அடுத்த ஆண்டில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பு எழுதப்பட்டது.

இனி, இதே கடற்கரையில் தெற்கே உள்ள தரங்கம்பாடியை நோக்குவோம். 1706-இல் சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கு வந்திறங்கினர். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல் என்னும் லூத்தரின் உபதேசத்தை அவர்கள் தமிழில் போதித்தனர். ஆனால் அச்சபைகளிலும் இருக்கைகள் சாதிவாரியாகப் பிரிந்தே இருந்தன. தமிழரில் முதல் சீர்திருத்தச் சபைப் போதகராக 1733-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார், அவர் வேளாளர். அதே காலத்தில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்து, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்துத் தரங்கம்பாடியாரிடம் வந்து சேர்ந்தவர். தஞ்சை நாட்டில் பலரைக் கிறிஸ்துவிடம் வழிநடத்தியவர். அவருக்குக் குருப்பட்டம் அளிப்பது குறித்து மிஷனெரிமார் ஆலோசித்தனர், ஆயினும் அளிக்கவில்லை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் கையிலிருந்து பிறர் திருவிருந்தைப் பெறத் தயங்குவர் என்ற அச்சம் அதற்கு முக்கியமான காரணமாயிற்று.

இங்கு நாம் நின்று சிந்திக்கவேண்டும். செயல்களினால் அன்று, கிருபையினாலே என்று பிரசங்க பீடத்தில் முழங்கிய அதே சபை, திருவிருந்து மேசையில் 'பிறப்பினாலே' என்று ஒரு சொல்லைச் சேர்த்தது. உபதேச நூலில் பிழை இல்லை. விசுவாச அறிக்கையில் பிழை இல்லை. மேசையில் பிழை இருந்தது.

இந்நிலையை எதிர்த்தோரும் நம் முன்னோரே. கல்கத்தாப் பேராயர் டேனியேல் வில்சன் 1833-இல் அனுப்பிய சுற்றறிக்கையில், சபைக்குள் சாதி வேறுபாட்டை அறவே கைவிடவேண்டும் என்று பணித்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையைவிட்டே வெளியேறினர். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடும் சாதிக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானங்கள் வந்தன. எனினும் தீர்மானத்தால் மட்டும் சுவர் விழுவதில்லை என்பதைப் பின்வந்த வரலாறு காட்டுகிறது. திருநெல்வேலிப் பகுதியில், வடக்கன்குளத்து உரோமச் சபை ஆலயத்துள் இரு சாராரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதற்கும் நீதிமன்றம்வரை வழக்கு நடந்தது. புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவரின் உரிமைக் கோரிக்கையையொட்டி 2008 மார்ச்சில் எழுந்த கலவரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்புக்கும் எறையூருக்கும் இடையே 263 ஆண்டுகள்.

2. 'ஆரோக்கியமான உபதேசம்' எது?

மேய்ப்பு நிருபங்களில் பவுலடியார் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் தொடர் 'ஆரோக்கியமான உபதேசம்'. கிரேக்க மூலத்தில் இது உடல்நலத்தைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. நற்செய்தி நூல்களில் நோய் நீங்கி நலமடைந்தோரைக் குறிக்கவும் அதே வினை வருகிறது. ஆகவே, இத்தொடரைப் 'பிழையற்ற வாய்ப்பாடு' என்று மட்டும் பொருள்கொள்ளுதல் குறையுடையது. உயிருள்ள உடலுக்கு நலம் தருவதும், அவ்வுடலின் நலத்தில் வெளிப்படுவதுமே ஆரோக்கியமான உபதேசம்.

இதை உறுதிப்படுத்தும் பகுதிகள் இரண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆரோக்கியமான உபதேசத்திற்கு எதிரானவை எவை என்று அப்போஸ்தலர் பட்டியலிடுகிறார். அங்கே தவறான தத்துவங்களை அவர் அடுக்கவில்லை, தீச்செயல்களையே அடுக்குகிறார். அவற்றுள் மனிதரைத் திருடி விற்றலும் ஒன்று (1:10). பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறையிலிருந்து தமிழர் அடிமைகளாக மொரீசியசுத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர் என்பதை அறிந்தோர்க்கு இவ்வசனம் வெறும் பழங்கதை ஆகாது. தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரமும் இத்தகையதே. ஆரோக்கியமான உபதேசத்திற்கு ஏற்றவற்றைப் பேசும்படி தொடங்கி, முதியோர், இளையோர், அடிமைகள் என ஒவ்வொருவரின் நடக்கையையும் கூறி, இவை யாவற்றுக்கும் அடிப்படையாக எல்லா மனிதருக்கும் இரட்சிப்பளிக்கும் தேவகிருபை வெளிப்பட்டதை வைக்கிறார் (2:1-11). உபதேசம், நடக்கை, கிருபை ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன.

கிருபை என்னும் சொல்லையும் சற்று நோக்குவோம். நம் பழைய திருப்புதலில் 'கிருபை' என்றும், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'அருள்' என்றும் வருகிறது. உரோமச் சபையாரின் பழைய செபங்களில் 'பிரியதத்தம்' என்னும் சொல் வழங்கிற்று; அன்பினால் கொடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். சொற்கள் மூன்றாயினும் கருத்து ஒன்றே. பெறுபவரிடத்தில் தகுதி எதையும் தேடாமல், கொடுப்பவரின் மனத்திலிருந்து மட்டும் எழுவதே கிருபை. தகுதி கேட்கப்படும் இடத்தில் கொடை கூலியாகிறது (ரோமர் 4:4).

3. ஒரே அதிகாரத்தில் கிருபையும் சுவரும்

எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை நாம் பலமுறை பாதியில் நிறுத்திவிடுகிறோம். எட்டாம், ஒன்பதாம் வசனங்கள் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்: இரட்சிப்பு கிருபையினால், விசுவாசத்தின் வழியாக, தேவனுடைய ஈவாக வருகிறது, எவரும் மேன்மை பாராட்ட இடமில்லை. ஆனால் அப்போஸ்தலர் அங்கே நிற்பதில்லை. பதினோராம் வசனத்தில் 'ஆகையால்' என்னும் பொருள்பட்ட இணைப்புச் சொல்லுடன் தொடர்ந்து, யூதரையும் புறவினத்தாரையும் பிரித்த நடுச்சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்ததைக் கூறுகிறார் (2:14). கிருபையின் விளக்கமாகவே சுவரின் வீழ்ச்சி கூறப்படுகிறது.

இச்சுவர் எருசலேம் ஆலயத்தின் தடுப்புச் சுவரை நினைவூட்டுகிறது என அறிஞர் பலர் கருதுவர். புறவினத்தார் அதைக் கடந்தால் மரண தண்டனை என்று கிரேக்க மொழியில் பொறிக்கப்பட்ட எச்சரிக்கைக் கல்லொன்றைக் கிளெர்மோன் கன்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1871-இல் கண்டெடுத்தார். பவுல் எருசலேமில் பிடிபட்டதும் இச்சுவரின் பொருட்டே. துரோப்பீமு என்பவரை ஆலயத்திற்குள் அழைத்துச் சென்றார் என்பது அவர்மீது எழுந்த ஐயம் (அப்போஸ்தலர் 21:28-29). அந்தத் துரோப்பீமு எபேசு பட்டணத்தார்.

இனிக் கலாத்தியர் நிருபத்திற்கு வருவோம். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் உபதேசம் அந்நிருபத்தில் எச்சூழலில் முதன்முதல் விரித்துரைக்கப்படுகிறது? அறிஞர் கூடிய அவையில் அன்று. அந்தியோகியாவின் உணவு மேசையில். புறவினத்தாருடன் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சி விலகிக்கொண்டார் (2:11-14). அவர் விசுவாச அறிக்கையை மாற்றவில்லை. தவறாகப் பிரசங்கிக்கவும் இல்லை. நாற்காலியை மட்டுமே மாற்றினார் என்று நம் வழக்கில் கூறலாம். ஆயினும் அது சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு ஒவ்வாத நடை என்று பவுல் கண்டித்தார். அக்கண்டனத்தின் தொடர்ச்சியாகவே, நியாயப்பிரமாணத்தின் செயல்களினால் எவரும் நீதிமானாவதில்லை என்னும் மாபெரும் கூற்று வருகிறது (2:16). பந்தியிலிருந்து விலகியது உபதேசப் பிழை என்றே அப்போஸ்தலர் கணித்தார்.

4. எழக்கூடிய தடைகள்

முதல் தடை: 'சாதி சமூக வழக்கம், இரட்சிப்பு ஆத்துமாவைச் சார்ந்தது. இரண்டையும் கலக்கலாகாது.' இக்கூற்று நம் நாட்டில் புதியதன்று. வழிபாட்டில் தனி இருக்கை என்பது வெறும் நாகரிக வேறுபாடே என்று முன்னாளிலும் வாதிட்டனர். அந்தியோகியாவில் பேதுருவும் இவ்வாறே வாதிட்டிருக்கக்கூடும். ஆனால் திருவிருந்து மேசையும் கல்லறைத் தோட்டமும் சமூகக் கூடங்கள் அல்ல. ஆண்டவரின் மரணத்தையும் மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் சபை அறிக்கையிடும் இடங்கள் அவை. அங்கே நாம் செய்வதே நம் அறிக்கை.

இரண்டாம் தடை சற்று நுட்பமானது. இறையியல் மாணவர் இதைக் கேட்டதுண்டு. 'சுவரை இடித்தால்தான் இரட்சிப்பு என்றால், செயல்களினால் இரட்சிப்பு என்னும் பழைய பிழைக்குத் திரும்புகிறோமல்லவா?' இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். நம் விடை இது. சுவர்தான் தகுதி, இடித்தல் தகுதியன்று. சுவரை எழுப்பியவர் 'நான் இன்ன குலத்தில் பிறந்தேன்' என்னும் தகுதியைக் கிருபையுடன் சேர்க்கிறார். கலாத்தியாவின் போதகர் விருத்தசேதனத்தைச் சேர்த்தனர்; நாம் பிறப்பைச் சேர்க்கிறோம். ஒரு வகையில் நம் பிழை அவர்களுடையதினும் கொடிது. விருத்தசேதனத்தை ஏற்க விரும்பியவன் ஏற்கலாம். பிறப்பை எவரும் முயன்று மாற்றவியலாது. ஆகவே, சுவரை இடிப்பவர் புண்ணியம் எதையும் ஈட்டுவதில்லை. கிருபையோடு சேர்த்த கலப்படத்தை அவர் நீக்குகிறார், அவ்வளவே. கடன் மன்னிக்கப்பட்டவன் கடன் பத்திரத்தைக் கிழித்தெறிவதால் மன்னிப்பைச் சம்பாதிப்பதில்லை. மன்னிப்பை நம்பியதாலேயே கிழிக்கிறான்.

மூன்றாம் தடை: 'உபதேசத் தூய்மையே முதன்மையானது, ஒழுங்கு பின்னர்த் தானாக வரும்.' இதற்கு வரலாறே விடை. 1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் உரோமச் சபையும், நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. 2006-இல் மெதடிஸ்டு உலகப் பேரவையும் அதில் இணைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் சபையைப் பிளந்த உபதேசத்தைக் குறித்து அடிப்படை உடன்பாடு பிறந்தது. இதற்காக நாம் தேவனைத் துதிக்கிறோம். ஆயினும் இரு சபைகளின் கல்லறைத் தோட்டங்களிலும் பிரிவினை நீடிக்கும் ஊர்கள் நம் நாட்டில் உள்ளன. உபதேசத்தில் ஒன்றுபட முடிந்த சபைகள், சுவரிலும் ஒன்றுபட்டே இருந்துவிடலாகாது.

5. ஆயரின் பணி

இதுவரை கூறியவற்றை நாம் வெளியே நின்று கூறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நாம் ஆயராகப் பணியாற்றிய சபையொன்றில் திடப்படுத்தல் ஆயத்த வகுப்பு நடந்தது. எபேசியர் 2:8-ஐ அனைவரும் தவறின்றி ஒப்புவித்தனர். ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, எல்லாருக்கும் ஒரே கிருபைதானே? பிறகு நம் கல்லறைத் தோட்டத்தில் ஏன் நடுவில் வேலி?" என்று கேட்டான். "அது பழைய வழக்கம், தம்பி, வசனத்தைப் படி" என்று நாம் மறுமொழி கூறினோம். அவன் அமர்ந்துவிட்டான். அன்று வகுப்பில் உபதேசப் பிழை செய்தவர் நாமே என்பதை உணர நமக்குச் சில ஆண்டுகள் ஆயின. அவன் அதிகாரத்தை முழுமையாக வாசித்திருந்தான். நாம் ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்தியிருந்தோம். வேலியைக் குறித்து நாம் மன்றத்தில் பேசத் துணிந்தபோது அச்சபையைவிட்டு மாற்றலாகும் காலம் வந்துவிட்டது. அவ்வேலியை நாம் அகற்றவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே, ஆயர்களுக்கும் ஆயராகப் பயிலுவோருக்கும் நாம் முன்வைப்பவை சில. முதலாவது, வகுப்பிலும் பீடத்திலும் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைப் பிரிக்காமல் முழுமையாகப் போதித்தல். இரண்டாவது, திருவிருந்துக்கு மக்கள் வரும் வரிசையையும் அமரும் முறையையும் ஆயர் கூர்ந்து நோக்குதல். கொரிந்துச் சபையில் பவுல் நோக்கியதும் இதையே (1 கொரிந்தியர் 11:20-22). மூன்றாவது, அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் நாம், அடக்கம் செய்யும் நிலத்தைக் குறித்துச் சபை மன்றத்தில் கேள்வி எழுப்புதல். நான்காவது, குருப்பணிக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும்போதும் சபைத் தேர்தல்களிலும் 'இவர் யார் வீட்டுப் பிள்ளை' என்னும் கேள்வி ஓசையின்றி எழுமிடத்தில், இராஜநாயக்கனின் பெயரை நினைவுகூருதல். ஐந்தாவது, இவற்றை வெறுப்போடன்றிக் கண்ணீரோடு செய்தல். சுவருக்கு இருபுறமும் நிற்பவர் நம் மந்தையே. சுவரை எழுப்பியவனுக்கும் கிருபையே மருந்து. தன் பிறப்பில் பெருமை தேடுபவன், கிருபை தனக்குப் போதுமென்று இன்னும் நம்பாதவன். அவனுக்கும் நாம் சுவிசேஷத்தையே சொல்லவேண்டும். ஆனால் முழுச் சுவிசேஷத்தை.

1745-இல் புதுச்சேரியில் குருவானவர்முன் நின்ற அம்மக்களின் பெயர்களை நாம் போற்றிக் காக்கவில்லை. எனினும், ஆரோக்கியமான உபதேசத்தை அன்று அவ்வாலயத்தில் எடுத்துரைத்தோர் அவர்களே. வேதசாஸ்திரம் கற்ற குருமார் மௌனமாயிருந்த இடத்தில் அவர்கள் பேசினர். நல்லவேளையாக, மூத்த குருவானவர் செவிகொடுத்தார். நாம் பட்டம் பெற்றவர்கள். கிரேக்கமும் எபிரெயமும் கற்றவர்கள். நம் சபையில் யாரேனும் ஒருவர், ஒருவேளை ஒரு சிறுவன், அதே கேள்வியோடு எழுந்து நிற்கும் நாளில், அவனை அமரச் சொல்லாதிருக்கும் கிருபையை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.